தலைப்பகுதி, அடிப்பகுதிகளில் பின்னணிப் படச் சிக்கல்கள்

சொற்செயலி ஆவணத்தில் பக்கத்தின் மேல் ஓரப் பகுதி தலைப்பகுதி அல்லது ஹெட்டர் எனவும், கீழ் ஓரப் பகுதி அடிப்பகுதி அல்லது ஃபூட்டர் எனவும் அழைக்கப்படுகிறது. இவற்றில் ஒருமுறை வைக்கும் படம் பக்கந்தோறும் தானாகத் தோன்றும். இலச்சினை, கடிதத்தாள் வடிவமைப்பு, நீர்க்குறி ஆகியவை இதனாலேயே இங்கு வைக்கப்படுகின்றன. படம் சரியாகத் தெரியாதபோது, எந்தெந்தப் பக்கங்களில் குறை உள்ளது என்று பார்த்தாலே பெரும்பாலும் காரணம் புலப்படும். கீழ்க்காணும் விளக்கம் முதன்மையாக மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கு உரியது.

சில பக்கங்களில் மட்டும் படம் இல்லாமை

வேர்டு ஆவணத்தின் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் முதல் பக்கம், ஒற்றைப்படைப் பக்கம், இரட்டைப்படைப் பக்கம் என மூன்று தலைப்பகுதிகள் வரை இருக்கலாம். ஒன்றில் வைத்த படம் மற்றொன்றில் வராது.

- முதல் பக்கத்தில் மட்டும் இல்லையெனில், 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' தேர்வை நீக்க வேண்டும்.
- ஒன்றுவிட்டு ஒரு பக்கத்தில் இல்லையெனில், 'டிஃபரன்ட் ஆட் அண்ட் ஈவன் பேஜஸ்' தேர்வை நீக்க வேண்டும்.
- குறிப்பிட்ட ஒரு பக்கத்திலிருந்து இல்லையெனில், அங்கே புதிய செக்‌ஷன் தொடங்கியிருக்கும். அதன் தலைப்பகுதியைத் திறந்து 'லிங்க் டு பிரீவியஸ்' தேர்வை இயக்க வேண்டும்.

எல்லாப் பக்கங்களிலும் குறை

படம் மெல்லிய கீற்றாக வெட்டுப்பட்டால், அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என இருக்கக்கூடும். அதை 'சிங்கிள்' என மாற்ற வேண்டும். படம் உரையைக் கீழே தள்ளினால், அது எழுத்தைப் போல வரிக்குள் அமர்ந்துள்ளது. 'பிஹைண்ட் டெக்ஸ்ட்' அமைப்பில் உரைக்குப் பின்னால் சென்றுவிடும்.

திரையும் அச்சும்

உரையைத் தட்டச்சு செய்யும்போது தலைப்பகுதிப் படத்தை வேர்டு மங்கலாகவே காட்டும். இது பிழையன்று, உண்மை நிறத்தை அச்சு முன்னோட்டத்தில் காணலாம். திரையில் படமே இல்லையெனில், 'பிரின்ட் லேஅவுட்' காட்சிக்கு மாற வேண்டும். முன்னோட்டத்தில் தெரிந்தும் தாளின் விளிம்பில் வெள்ளைப் பட்டை விழுந்தால், காரணம் அச்சுப்பொறி: பல அச்சுப்பொறிகளால் தாளின் விளிம்புவரை அச்சிட இயலாது.

லிப்ரே ஆபிஸ் ரைட்டர்

இதில் தலைப்பகுதியின் பின்னணி, 'பேஜ் ஸ்டைல்' எனும் பக்கப் பாணியைச் சார்ந்தது. தலைப்பகுதிக்குத் தரும் பின்னணிப் படம் அந்தப் பகுதிக்குள் மட்டுமே நிற்கும். பக்கம் முழுவதும் வேண்டுமெனில், பக்கப் பாணியின் 'ஏரியா' தாவலில் படத்தைச் சேர்க்க வேண்டும். இடையில் பக்கப் பாணி மாறினால் பின்னணியும் மாறும்.

படத்தை நீக்குதல்

வேர்டில் உரைப்பகுதியில் இருந்தபடி இப்படத்தைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்க இயலாது. தலைப்பகுதியை இருமுறை சொடுக்கித் திறந்த பிறகே அதைத் தேர்ந்தெடுத்து நீக்க முடியும்.