வயிற்றெரிச்சலும் இரைப்பை அழற்சியும்

சென்ற அறுவடைக்குப்பின் ஒரு கிராமச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் மனைவியின் சங்கிலியை ஈடு வைத்துக் கடன் பெற வந்தார். விதைக்கோ உரத்துக்கோ அன்று. வைத்தியத்துக்காக வாங்கிய கைமாற்றைத் தீர்க்கவே அக்கடன். பல மாதங்களாக இருந்த வயிற்றெரிச்சலைக் காரத்தால் வந்ததென எண்ணி, சோடா குடித்து அடக்கி வந்தாராம். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரைகளையும் தினந்தோறும் விழுங்கி வந்தாராம். ஒருநாள் மலம் கறுத்துப் போயிற்று. அவர் அதனையும் அசட்டை செய்தார். மறுநாள் களத்திலேயே மயங்கி விழுந்தார். அவர் பிழைத்தது பாக்கியமே. இத்துன்பம் பிறருக்கு நேராதிருக்கும்பொருட்டு இதனை எழுதலானேன்.

நோயின் தன்மை

நாம் உண்ணும் ஆகாரத்தைச் செரிப்பிக்க இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கின்றது. அது இரைப்பையையே அரித்துவிடாதபடி, உட்புறச் சவ்வின்மேல் கோழை போன்றதொரு பூச்சு காவலாக அமைந்துள்ளது. வரப்பு உடைந்த இடத்தில் நீர் மண்ணை அரிப்பதுபோல், இப்பூச்சு கெட்ட இடத்தில் அமிலம் சவ்வைத் தாக்குகின்றது. சவ்வு சிவந்து வீங்குகின்றது. இதுவே இரைப்பை அழற்சி. மேல்வயிற்றில் எரிச்சல், வலி, குமட்டல், சிறிது உண்டவுடனே வயிறு நிறைந்த உணர்ச்சி ஆகியன இதன் குறிகள். கவனியாது விட்டால் புண்ணாகி, இரத்தம் கசியவுங் கூடும்.

காரணங்கள்

காரம் எரிச்சலை மிகுவிக்கலாமேயன்றி, பெரும்பாலும் நோயை உண்டாக்குவதில்லை. முக்கிய காரணங்கள் மூன்று.

முதலாவது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. இரைப்பையின் அமிலத்தில் கிருமி வாழாதென்றே வைத்தியர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து வைத்தியர்களாகிய ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-ஆம் வருஷத்தில் இக்கிருமியை வளர்த்துக் காட்டினர். 1984-இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து, சில தினங்களில் தமக்கு அழற்சி உண்டானதை மெய்ப்பித்தார். 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டாவது, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் முதலிய வலி மருந்துகள். இவை வலியை அடக்கும்போதே காவற்பூச்சையும் குறைத்துவிடுகின்றன. உணவுக்குப்பின் உண்டாலும், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இத்தீங்கு முற்றும் நீங்காது.

மூன்றாவது, மதுபானம். புகையிலையோ, உண்டான புண் ஆறாதபடி தடுக்கின்றது.

செய்யத்தக்கவை

வலி மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் வாங்கி உண்ணலாகாது. ஆனால் இருதய நோய்க்காக அவர் கொடுத்த ஆஸ்பிரினை நாமாகவே நிறுத்துவதும் அபாயமாகும். வேளை தவறாமல், அளவாக உண்க. தமக்கு ஒவ்வாததை விலக்குக. சோடாவும் பாலும் சிறிது நேரம் எரிச்சலைத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்ப்பதில்லை.

எரிச்சல் இரண்டொரு வாரத்துக்குமேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குச் செல்க. மூச்சையோ மலத்தையோ சோதித்தும், குழாய்க் கருவியால் இரைப்பையை நோக்கியும் கிருமி உண்டா என்பதை அறியலாம். இருப்பின், கிருமிகளைக் கொல்லும் மருந்துகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்த்து, வழக்கமாக 14 தினங்கள் கொடுப்பர். நான்கு நாளில் எரிச்சல் தணிந்ததென்று மருந்தை விடுவோர் பலர். அசலைக் கட்டி வட்டியை நிறுத்தியவர் பெயரில் கடன் நிற்பதுபோல், எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும். பின்னர் அம்மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

அபாயக் குறிகள்

தார் போன்று கறுத்த மலம், இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். காரணமின்றி உடல் இளைத்தாலும், விழுங்குவது கடினமானாலும் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும்.

ஜப்தி நோட்டீஸ் வந்தபின் அலைவதினும், தவணைக்கு முன்னரே கட்டுதல் நன்று என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். தேகத்தின் கணக்கும் அத்தகையதே. அடுத்த சங்கக் கூட்டத்தில், வலி மாத்திரை வழக்கமாக உண்போரிடம் இதனை வாசித்துக் காட்டுவீர்களாக.