பாறைத் தடை (மலை மிதிவண்டி)

பாறைத் தடை என்பது மலை மிதிவண்டிப் பாதையின் குறுக்கே அமைந்து, ஓட்டுபவர் ஏறியோ இறங்கியோ கடக்க வேண்டிய பாறை, பாறைப்படி அல்லது பாறைக் குவியல் ஆகும். இது இயற்கையாக அமைந்ததாகவோ, போட்டிக்காகக் கற்களை அடுக்கி உருவாக்கியதாகவோ இருக்கலாம். மவுண்டன் பைக் எனப்படும் மலை மிதிவண்டியை ஓட்டப் பழகுபவர்கள் மிகவும் அஞ்சுவது இந்தத் தடைக்குத்தான். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பாறையின் உயரம் மட்டுமே ஆபத்தை முடிவு செய்வதில்லை. அது எவ்வகைப் பாறை, அன்று எந்த நிலையில் உள்ளது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பவற்றை அறியாமல் வண்டியை விடுவதே பெரிய ஆபத்து.

தோற்றம்

மலை மிதிவண்டி விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டி மலைப்பகுதியில் உருவானது. அங்கிருந்த இளைஞர்கள் பருமனான டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை மாற்றியமைத்து, மலையின் மண்பாதைகளில் இறங்கிப் பந்தயமிட்டனர். 1990இல் கொலராடோ மாநிலத்தின் துராங்கோ நகரில் அதிகாரப்பூர்வமான முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியானது. தென்னிந்தியாவில், கேரளத்தின் பொன்முடி மலையில் 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிச் சாம்பியன் போட்டி நடைபெற்றது.

வகைகள்

பாறைத் தடைகளைப் பொதுவாக நான்காகப் பிரிக்கலாம்.

1. ஏறுபடி: பாதையின் குறுக்கே படிபோல் நிற்கும் பாறை. முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஏற வேண்டும்.

2. சரிவுப் பாறை: வழுவழுப்பான முகத்துடன் கீழ்நோக்கிச் சாயும் பாறை. சக்கரங்கள் பாறையை விட்டு விலகாமல் உருண்டு இறங்கும்.

3. விழுபடி: விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கும் பாறை. சக்கரம் உருண்டு இறங்குவதற்குச் சரிவு இராது.

4. கற்பரப்பு: சிறிதும் பெரிதுமான கற்கள் நெருங்கிக் கிடக்கும் நீண்ட பகுதி.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் மேலிருந்து பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கடக்கும் முறை நேர் எதிரானது. சரிவுப் பாறையில் மெதுவாக, பிரேக்கைச் சிறிதளவு பிடித்தபடி இறங்கலாம். விழுபடியில் மெதுவாகச் சென்றால், பின் சக்கரம் பாறையின் மேல் இருக்கும்போதே முன் சக்கரம் கீழே விழும். வண்டி குட்டிக்கரணம் போடும். அங்கே இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் விளிம்பை விட்டு வெளியேறும் அளவுக்கு வேகம் வேண்டும். ஆகவே ஒன்றை மற்றொன்றாகத் தவறாகக் கருதுவதே கவிழ்வதற்குப் போதுமான காரணம்.

ஏறும்போது செயல்படும் விசை

படியில் முட்டி நிற்கும் சக்கரத்தை மேலே ஏற்ற எவ்வளவு விசை வேண்டும் என்பது படியின் உயரத்தையும் சக்கரத்தின் ஆரத்தையும் பொறுத்தது. 29 அங்குலச் சக்கரத்தின் ஆரம் டயருடன் சேர்த்து ஏறத்தாழ 37 செ.மீ.; 26 அங்குலச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 33 செ.மீ. படியின் உயரம் 15 செ.மீ. என்று கொள்வோம். சக்கரத்தின் அச்சைக் கிடைமட்டமாகத் தள்ளி ஏற்றுவதற்கு, அந்தச் சக்கரத்தின் மேல் உள்ள எடையைப் போல் பெரிய சக்கரத்துக்கு 1.35 மடங்கும் சிறிய சக்கரத்துக்கு 1.54 மடங்கும் விசை தேவை. பெரிய சக்கரம் பாறைகளில் எளிதாக ஏறுவதற்குக் காரணம் இதுவே. படியின் உயரம் ஆரத்துக்குச் சமமாகிவிட்டால், கிடைமட்டமாக எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் ஏறாது.

இந்தக் கணக்கில் ஓட்டுபவர் மாற்றக்கூடியது ஒன்று உண்டு. அது முன் சக்கரத்தின் மேல் உள்ள எடை. அந்த எடை 30 கிலோவாக இருந்தால், பெரிய சக்கரத்துக்கு 40.5 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். உடலைப் பின்னால் சாய்த்து அதை 10 கிலோவாகக் குறைத்தால் 13.5 கிலோ எடைக்கு ஈடான விசையே போதும். முன் சக்கரம் மேலே ஏறியதும் உடலை முன்னால் கொண்டுவந்து, பின் சக்கரத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். கைவலிமையால் வண்டியைத் தூக்குவதைவிட, உடல் எடையை உரிய நேரத்தில் இடம் மாற்றுவதே இங்கு பயன் தருகிறது.

பெடலின் நிலையும் முக்கியம். கிராங்கின் நீளம் பொதுவாக 17 செ.மீ. அது சுழலும் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 32 செ.மீ. உயரத்தில் இருக்கும். கீழே தாழ்ந்த பெடல் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும் என்பதால், அதைவிட உயரமான கல் அதில் மோதும். இரு பெடல்களையும் கிடைமட்டமாக வைத்தால் அந்த இடைவெளி இருமடங்காகிறது.

இறங்கும்போது செயல்படும் விசை

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த மொத்த எடை ஈர்ப்பு மையத்தின் வழியாகச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அந்தச் செங்குத்துக்கோடு முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைத் தாண்டி முன்னால் சென்றுவிட்டால் வண்டி கவிழும்.

ஓர் எடுத்துக்காட்டு: நிமிர்ந்து நிற்பவரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்திலும், முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு 60 செ.மீ. பின்னாலும் உள்ளது எனக் கொள்வோம். இவர் கவிழத் தொடங்கும் சரிவு ஏறத்தாழ 29 பாகை. இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் நகர்த்துவதால் உயரம் 85 செ.மீ., பின்தூரம் 85 செ.மீ. என மாறினால், எல்லை 45 பாகையாக உயர்கிறது. பாறை மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. உடல் நின்ற இடம் மட்டுமே மாறியது.

சரிவில் பிரேக்கைத் திடீரென இறுக்கினால் இந்த எல்லை மீண்டும் குறைந்துவிடும். எனவே வேகத்தைப் பாறைக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிப் பின்னால் செல்வதும் தவறு. கைகள் முழுவதும் நீண்டுவிட்டால் முன் சக்கரம் பிடிமானத்தை இழக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பவும் இயலாது.

டோக்கியோ ஒலிம்பிக் நிகழ்வு

பாறையை அறிந்துகொள்வது திறமையைவிட முந்தியது என்பதற்குச் சான்றாக 2020 டோக்கியோ ஒலிம்பிக் போட்டியைக் கூறலாம். பெருந்தொற்றால் தள்ளிவைக்கப்பட்ட அப்போட்டியில், ஆண்கள் மலை மிதிவண்டிப் பந்தயம் 2021 ஜூலை 26 அன்று ஜப்பானின் இசு நகரில் நடந்தது. அதன் பாதையில் ‘சகுரா டிராப்’ என்ற பெயருடைய விழுபடி ஒன்று பாறைகளால் அமைக்கப்பட்டிருந்தது. பயிற்சி நாட்களில் அங்கு ஒரு சாய்தளம் வைக்கப்பட்டிருந்தது. பந்தய நாளில் அது இல்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த மாத்யூ வான் டெர் பூல் முதல் சுற்றிலேயே அங்கு மெதுவாக வந்தார். சாய்தளம் இருக்கும் என்று எண்ணி உருண்டு இறங்க முயன்றார். முன் சக்கரம் கீழே விழ, அவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். பின்னர் பந்தயத்திலிருந்தும் விலகினார். அதே மாதத்தில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையை அணிந்திருந்த வீரர் அவர். உடல்வலிமையிலோ வண்டியைக் கையாளும் பழக்கத்திலோ அவருக்குக் குறையில்லை. விழுபடியைச் சரிவுப் பாறை போலக் கடக்க முயன்றதே விபத்தானது. பிரிட்டனின் டாம் பிட்காக் தங்கம் வென்றார்.

கடக்கும் முறை

நிறுத்திப் பார்த்தல்: முதன்முறை காணும் பாறையில் நேராக ஏறக் கூடாது. வண்டியை ஓரமாக வைத்துவிட்டு மேலிருந்தும் கீழிருந்தும் நடந்து பார்க்க வேண்டும். ஓட்டும்போது கண் இருக்கும் உயரத்துக்கும் நடக்கும்போது இருக்கும் உயரத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதால், பாறை உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றலாம்.

மூன்றாகப் பிரித்தல்: நுழைவு, பாறை, வெளியேற்றம் என்று தடையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலில் வெளியேற்றத்தைப் பார்க்க வேண்டும். கீழே வண்டியை நேராக்கி வேகத்தைக் குறைக்க இடம் உள்ளதா, உடனே வளைவோ மரமோ பள்ளமோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பாறை எளிதாக இருந்து, வெளியேற்றம் மோசமாக இருந்தால் அது கடினமான தடையே.

அடிவயிறு தட்டுமா என்று பார்த்தல்: முன் பல்சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 25 செ.மீ. இடைவெளியே இருக்கும். பாறையின் விளிம்பு கூர்மையாக இருந்தால், முன் சக்கரம் இறங்கியதும் பல்சக்கரம் பாறையில் தட்டி வண்டி நின்றுவிடும்.

உடல் நிலை: சீட்டைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பெடல்கள் கிடைமட்டமாகவும், முழங்காலும் முழங்கையும் சற்று மடங்கியும், பிரேக்கில் ஒரு விரல் அல்லது இரு விரல்களும் இருக்க வேண்டும்.

பார்வை: பாறையின் மேலேயே கண் நிலைத்தால் வண்டி அங்கேயே செல்லும். பார்வை வெளியேற்றத்தில் இருக்க வேண்டும்.

சிறிதிலிருந்து பழகுதல்: விளையாட்டுத் திடலில் ஒரு செங்கல் உயரம், பிறகு நடைபாதை விளிம்பு, பிறகு சிறு பாறை என்று உயர்த்திச் செல்வது நல்லது. ஒரே உயரத்தைத் தொடர்ந்து தடுமாறாமல் கடந்த பின்பே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

ஆத்தூர் வட்டார மலைப் பாறைகள்

சேலம் மாவட்டத்தின் ஆத்தூர், வசிஷ்ட நதிக்கரையில் அமைந்த ஊர். வடக்கே கல்வராயன் மலையும், தெற்கே கொல்லிமலை, பச்சைமலை ஆகியவையும் உள்ளன. சேர்வராயன், கொல்லிமலை போன்ற இப்பகுதி மலைகளில் சார்னோக்கைட் என்னும் மிகப் பழைமையான, கடினமான பாறை பரவலாக உள்ளது. சென்னைப் பரங்கிமலையில் கிடைக்கும் பாறையை வைத்து விளக்கப்பட்ட இப்பாறைவகைக்கு, கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் காரணமாகப் பெயர் வந்தது.

வெயிலிலும் மழையிலும் இவ்வகைப் பாறைகள் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து உருண்டை வடிவம் பெறுகின்றன. இதனால் மேலிருந்து வரும்போது பாறை மென்மையாக வளைந்து இறங்குவதுபோல் தோன்றும். வளைவுக்குக் கீழே செங்குத்தாக முடிவதும் உண்டு. கோடையில் உதிர்ந்த பருமணல் பாறைமேல் கிடந்து, டயருக்கு அடியில் குண்டுமணிபோல உருளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிழலான பாறைகளில் பாசி படர்ந்து வழுக்கும். மழைநீர் பாறையின் அடியில் உள்ள மண்ணை அரித்துச் சென்றால், சென்ற மாதம் 30 செ.மீ. உயரமாக இருந்த படி இம்மாதம் அதைவிட உயரமாக இருக்கும். எனவே பழகிய பாறையையும் மழைக்குப் பிறகு புதிய பாறையாகவே கருத வேண்டும்.

இம்மலைகளின் பல பகுதிகள் காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்வது குற்றமாகும்.

பாதுகாப்பு

தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு ஆகியவை தேவை. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது வழக்கம். தனியாகச் செல்லக் கூடாது. தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காமல், அசையாமல் படுக்க வைத்து 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி சாலையில் பள்ளிக்குச் சென்று வருவதற்கானது. அதிர்வுதாங்கியும் பருமனான டயரும் இல்லாத அவ்வண்டியைப் பாறைகளில் இறக்கினால் ரிம் வளையலாம், ஃபோர்க் முறியலாம்.

வெளியேற்றம் தெரியாதபோதும், பாறை ஈரமாக உள்ளபோதும், உடல் சோர்ந்துள்ளபோதும் இறங்கி நடப்பதே முறை. ஒலிம்பிக் வகைப் பந்தயங்களிலும் வீரர்கள் வண்டியிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டோ சுமந்துகொண்டோ செல்ல விதிகள் இடம் தருகின்றன. பல பந்தயப் பாதைகளில் கடினமான பாறைக்குப் பக்கத்திலேயே, நேரம் சற்றுக் கூடுதலாகும் எளிய மாற்றுவழியும் அமைக்கப்படுகிறது. அதில் செல்பவர் இழப்பது சில விநாடிகளை மட்டுமே.