சுத்தமான எரிபொருளுக்கும் காவல் வேண்டும்

1990களில் ஹாங்காங்கில் 18,000க்கும் மேற்பட்ட டாக்சிகள் ஓடின. ஏறக்குறைய எல்லாமே டீசல் வண்டிகள். மாங்காக், காஸ்வே பே போன்ற நெரிசலான பகுதிகளில் இருபுறமும் மாடிக் கட்டடங்கள் சுவர்போல நிற்பதால், சைலன்சரிலிருந்து கிளம்பும் கரி வெளியேற வழியின்றித் தெருவிலேயே தங்கிவிடும். இதற்கு அரசு கண்ட மருந்து, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. 1997இல் 30 டாக்சிகளைக் கொண்டு வெள்ளோட்டம் நடந்தது. 2000இல், பழைய டீசல் டாக்சியைக் கழித்துவிட்டு எல்பிஜி டாக்சி வாங்குபவருக்கு வண்டிக்கு 40,000 ஹாங்காங் டாலர் மானியம் வந்தது. 2001 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து புதிய டீசல் டாக்சிகளைப் பதிவு செய்யவே முடியாது என்றானது. எரிவாயு மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக 12 நிரப்பு நிலையங்களுக்கு நிலத்தொகையைக்கூட அரசு வாங்கவில்லை. 2003 முடிவதற்குள் அநேகமாக எல்லா டாக்சிகளும் மாறிவிட்டன. மானியமும் விதியும் கைகோத்தால் மூன்றே ஆண்டுகளில் ஒரு நகரம் எரிபொருளை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் அது பாதிப் பாடம்தான். மீதிப் பாதியைக் கற்க அந்த நகரத்துக்கு இன்னும் பத்தாண்டுகள் ஆயின.

எல்பிஜியைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. புரோப்பேன் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் மூன்றுதான். மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள் என்பதால், தொட்டியில் அழுத்தத்தில் திரவமாக இருப்பது எஞ்சினுக்குள் வாயுவாகிக் காற்றோடு நன்றாகக் கலக்கிறது. டீசல் துளிகளைப்போல அரைகுறையாக எரிந்து கரியாவதில்லை. அடுப்பில் பாத்திரத்தின் அடி கருக்காமல் எரியும் நீலச் சுடருக்கும் இதுவே காரணம். ஆக்டேன் எண்ணும் 100ஐத் தாண்டும். ஒரு லிட்டர் புரோப்பேன் எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது; பெட்ரோலில் 2.3 கிலோ. ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு என்பதால், அதே தூரத்துக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கார்பன் மிச்சம் பத்து சதவீதம் அளவில்தான் நிற்கும்.

எந்த எரிபொருளாலும் தப்ப முடியாத ஒரு நஞ்சு உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் எரிபொருளிலிருந்து வருவதல்ல. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றிலிருந்தே வருகிறது. சிலிண்டருக்குள் கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து அது உருவாகிறது. எரிவது எவ்வளவு சுத்தமான வாயுவாக இருந்தாலும் இது நடக்கும். இதை அடக்குவது புகைக்குழாயில் பொருத்தப்பட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பார்வைக்கு ஒரு தகர உருளை. அறுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடுபோல ஆயிரக்கணக்கான சன்னத் துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எரிபொருளும் காற்றும் சரியான விகிதத்தில் சேர்கின்றனவா என்று ஆக்சிஜன் சென்சார் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருந்தால்தான் இந்தக் கட்டி வேலை செய்யும். எல்பிஜி வண்டியின் சுத்தத்தில் பாதி இந்த இரண்டு உதிரிபாகங்களின் கையில் இருக்கிறது.

சொந்தக் காரில் கன்வெர்ட்டர் பல ஆண்டுகள் உழைக்கும். இரவும் பகலும் ஷிப்ட் மாற்றி ஓடும் டாக்சியில் அது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் சோர்ந்துவிடுகிறது. சோர்ந்தது யாருக்கும் தெரிவதில்லை. வண்டி வழக்கம்போல ஓடும், புகை கண்ணில் படாது, காசு செலவழித்து மாற்றவேண்டும் என்று ஓட்டுநருக்குத் தோன்றக் காரணமே இருக்காது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனையிலும் அது சிக்காது. சுமையில்லாத எஞ்சின் நைட்ரஜன் ஆக்சைடை அதிகம் கக்குவதில்லை. டீசலின் கரியைத் துரத்திய நகரம் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிடம் ஏமாந்தது. 2013-14இல் சுமார் 17,000 டாக்சிகளுக்கும் சிற்றுந்துகளுக்கும் அரசு தன் செலவில் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் மாற்றிக் கொடுத்தது. 2014 செப்டம்பர் முதல் சாலையோரக் கருவிகள் வந்தன. சாலையின் குறுக்கே அகச்சிவப்பு, புற ஊதாக் கதிர்கள் பாய்கின்றன. கடந்துபோகும் வண்டியின் புகை அந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதை வைத்து மாசு கணக்காகிறது. கேமரா வண்டி எண்ணைப் பதிகிறது. வரம்பை மீறிய வண்டி 12 வேலைநாட்களுக்குள் சோதனைக்கான சுழல் உருளைமேல் ஏறி, சாலையில் ஓடுவதுபோலவே ஓடிக் காட்டித் தேறவேண்டும். தவறினால் வண்டியின் உரிமம் ரத்தாகலாம்.

ஒரு கணம் ஆக்சிலரேட்டரை மிதித்ததற்காக நல்ல வண்டியும் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் அந்த அளவீடு தண்டனையாகாமல் சோதனைக்கான அழைப்பாக நிற்கிறது. தீர்ப்பு உருளைமேல் நடக்கும் சோதனையில்தான். அன்றாடக் கூலிக்கு ஓட்டுபவர்மேல் இந்தச் சுமை எதற்கு என்றும் கேட்கலாம். முதல் முறை மாற்றும் செலவை அரசே ஏற்றது அதற்கான பதில். விதி போடுபவர் முதல் படியில் கைகொடுத்தால், அடுத்த படியில் கண்டிப்புக்கு நியாயம் கிடைக்கிறது. மேலும் அந்தப் புகையை நாள் முழுக்க முதலில் சுவாசிப்பவரும் சாலையிலேயே பிழைக்கும் அந்த ஓட்டுநர்தான். இதுவும் மண்ணுக்கடியில் கிடைத்த எரிபொருள்தானே, நேராக மின்சாரத்துக்கே போகலாமே என்பது மூன்றாவது கேள்வி. போகத்தான் வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. மாறும்வரை ஓடுகிற ஒவ்வொரு எஞ்சினும் விதிக்குள் ஓடுவது முக்கியம்.

இந்தியாவில் 2000இல் வாகனங்களுக்கு எல்பிஜி அனுமதிக்கப்பட்டது. இன்று நம் ஊர்களிலும் எல்பிஜி ஆட்டோக்கள் ஓடுகின்றன. புகைச் சோதனை மையத்தில் அவற்றை நிறுத்திவைத்துத்தான் பார்க்கிறார்கள். அளப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதில்லை. கேஸ் வண்டி என்பதே போதுமான சான்றிதழ் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஹாங்காங்கும் பத்தாண்டுகள் அப்படித்தான் நம்பியது. எரிபொருளை மாற்றுவது ஒருமுறை செய்யும் வேலை. அந்தச் சுத்தத்தைக் காப்பது அன்றாட வேலை. ஓடும் வண்டியை ஓடும்போதே அளந்தால்தான் அது நடக்கும்.