சாரைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமா? ‘விஷம் இல்லை’ என்பது மட்டும் போதாது!

ஏரியூர் பக்கம் நிலக்கடலைக் கொல்லையிலோ, வைக்கோல் போர் ஓரத்திலோ ஆறடி நீளப் பாம்பு ஒன்று சரசரவென்று ஓடினால், அங்கிருக்கும் பெரியவர் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். ‘சாரைதான்... விடுப்பா, அது பாட்டுக்குப் போகட்டும்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதே பாம்பை அவருடைய பேரன் பார்க்கும் பார்வை வேறு. அவன் செல்போனில் அமெரிக்கக்காரர் ஒருவர் தோளில் பாம்பைப் போட்டுக்கொண்டு, எந்த அளவில் கண்ணாடிப் பெட்டி வாங்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை எலி போட வேண்டும் என்றெல்லாம் விளக்குகிறார். தலைப்பில் ‘பெட் ரேட் ஸ்நேக்’ என்று இருக்கிறது. நம்ம ஊர் சாரைக்கும் ஆங்கிலத்தில் ரேட் ஸ்நேக் என்றுதான் பெயர். விஷமும் கிடையாது. அப்போ நாமும் ஒன்றைப் பிடித்து வளர்த்தால் என்ன?

வளர்க்கக் கூடாது. வனத்துறைக்குத் தெரிந்தால் ஏதோ அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் தப்புக்கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

சாரைப்பாம்பு முன்பு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் இரண்டாவது அட்டவணையில் இருந்தது. 2022-ல் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை முதல் அட்டவணைக்குக் கொண்டுபோய்விட்டது. அதாவது புலி, யானை இருக்கும் அதே பட்டியல். இந்தப் பட்டியலில் உள்ள விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

‘நான் வேட்டையாடவே இல்லையே, பிடித்து டப்பாவில்தானே வைத்தேன்’ என்று கேட்டால் அது செல்லாது. சட்டத்தின் கணக்கில் பிடிப்பது, பொறி வைப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். ஆராய்ச்சி, கல்வி போன்ற காரணங்களுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். முதல் அட்டவணை விலங்கு என்றால் அதற்கும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆசைக்கு வளர்க்க லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமும் இல்லை. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில் பார்ட்டிகளுக்குப் பாம்பு சப்ளை செய்ததாகப் பதிவான வழக்கில் 9 பாம்புகள் மீட்கப்பட்டன. 5 நாகம், ஒரு மலைப்பாம்பு, 2 மண்ணுளி, மீதி ஒன்று சாரை. சாரைப்பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்ட இருவர் மீது கோவை வனத்துறை 2024-ல் நடவடிக்கை எடுத்தது. லைக்ஸுக்காகப் போட்ட வீடியோவே சாட்சியாகிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

அதே நேரம், கொல்லையில் தானாக வந்து போகும் சாரையால் யாருக்கும் சட்டச் சிக்கல் வராது. அது உங்கள் பாம்பு இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க வீடியோவில் இருப்பது எது?

பெயர்தான் ஒன்று, பாம்பு வேறு. அங்கே செல்லமாக வளர்ப்பது பாந்தெரோபிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பாம்புகளை. கார்ன் ஸ்நேக் என்று கடைகளில் விற்பதும் அந்தக் குடும்பம்தான். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே முட்டையிட்டு, விதவிதமான நிறங்களில் உருவாக்கப்பட்டவை. நம்முடைய சாரை டையாஸ் மியூகோசா. காட்டுப் பாம்பு.

பகலில் இரை தேடும். வேகமாக ஓடும், மரம் ஏறும், நீந்தும். வளர்ந்த சாரை சாதாரணமாக ஐந்து, ஆறு அடி இருக்கும். அதைத் தாண்டியும் போகும். இப்படிப்பட்ட ஒன்றைப் பெட்டிக்குள் போட்டால், வழி தேடித் தேடி மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இரையைத் தொடாமல் கிடந்தே மெலிந்து போவதும் உண்டு. கையில் எடுத்தால் கழுத்தை உப்பி, ‘உர்ர்’ என்று உறுமி, திரும்பிக் கடிக்கும். விஷம் இல்லை, ஆனால் பற்கள் இருக்கின்றன. புண் சீழ் பிடிக்கலாம். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருப்பதும் சகஜம், குழந்தைகள் உள்ள வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

வெளிநாட்டுப் பாம்பையாவது வாங்கலாமா என்றால், அது தனி வில்லங்கம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்டிஸில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்துவிட்டன. வாங்கும் பாம்பு எந்த வழியில் நாட்டுக்குள் வந்தது என்பதும் முக்கியம். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. பில் இல்லாமல் விற்கும் பாம்புக்கு இப்படியும் ஒரு பின்கதை இருக்கலாம்.

தோலுக்காகப் போன சாரைகள்

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் சாரைக்கு இருந்த பெரிய ஆபத்து செல்லப்பிராணி ஆசை இல்லை, செருப்பும் கைப்பையும்தான். சாரைத் தோல் பெருமளவில் ஏற்றுமதியானது. பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர்களுக்கு அதுதான் வருமானம். 1970-களில் தோல் வியாபாரம் தடைபட்டதும் பிழைப்பு போனது. 1978-ல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து மருந்துக்குக் கொடுக்கும் வேலை தொடங்கியது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். பரம்பரையாகப் பாம்பு பிடிக்கும் இவர்களின் சங்கமே அரசு அனுமதிக்கும் எண்ணிக்கையில்தான் பாம்பு பிடிக்க முடியும். நஞ்சு எடுத்த பிறகு திரும்ப விட்டுவிட வேண்டும்.

சாரையா, நாகமா?

உண்மையில் உயிர் போகிற கேள்வி இதுதான். ‘சாரைதானே’ என்று கை வைத்தது நாகமாக இருந்தால்?

படம் எடுக்காத நாகம் அவசரத்தில் சாரை மாதிரியே தெரியும். சாரையின் தலை கொஞ்சம் நீண்டு, கழுத்து ஒடுங்கியிருக்கும். கண் பெரியது. உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கறுப்புக் கோடுகள். உடலின் பின்பாதியிலும் வாலிலும் கறுப்பு வரிகள் வலை மாதிரி தெரியும். நாகத்தின் தலை கழுத்தோடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் இருக்கும். இதெல்லாம் தள்ளி நின்று தெரிந்துகொள்ள மட்டும். பிடிப்பதற்கான தகுதிச் சான்று இல்லை.

‘நாகத்துக்கு ஜோடி சாரை’ என்ற நம்பிக்கையும் குழப்பத்தைக் கூட்டுகிறது. இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து எழும்பி ஆடுவதைப் பார்த்து வந்த பேச்சு இது. பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் போடும் குஸ்தி. யார் பலசாலி என்ற போட்டி. சாரை சாரையோடும், நாகம் நாகத்தோடும்தான் சேரும். மாட்டிடம் பால் குடிக்கும் என்பதும் கதைதான். பாம்பால் உறிஞ்ச முடியாது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. எந்தப் பாம்பு கடித்தாலும், சாரைதான் என்று நிச்சயமாகத் தோன்றினாலும், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல் 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏரியூரிலிருந்து பென்னாகரம் போகிற நேரத்தில் பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரும் வேலை வேண்டவே வேண்டாம்.

சரி, சாரை மேல் அக்கறை இருந்தால்?

கொல்லையில் விடுங்கள். கடலைக் காயையும் ராகி மூட்டையையும் காலி பண்ணும் எலியை வளைக்குள்ளேயே போய்ப் பிடிக்கும் காவல்காரன் அது, சம்பளமும் இல்லை. வரப்போரப் புதரையும் கல் குவியலையும் மொத்தமாகக் கொளுத்திவிட வேண்டாம். வீட்டை ஒட்டிய குப்பையையும் விறகையும் மட்டும் ஒதுக்கிவைத்தால் போதும். அருகில் பார்க்க ஆசையா, சென்னை கிண்டி பாம்புப் பண்ணையில் பார்க்கலாம்.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால் பிள்ளைகளையும் நாயையும் தள்ளி நிறுத்தி, வெளிக்கதவைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் அதுவே போய்விடும். போகவில்லையென்றால் 101-ல் தீயணைப்புத் துறையையோ, அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தையோ கூப்பிடலாம்.

தோட்டத்தைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தால் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். எலியைத் துரத்திவரும் சாரை அதில் மாட்டி, திமிறத் திமிற வலை இறுகி, வெயில் ஏறுவதற்குள் செத்துக் கிடக்கும். மாட்டியிருந்தால் இழுக்காமல் போன் போடுங்கள். வேலை முடிந்த வலையைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.