விளம்பரத்தில் கதைக்கும் பெண் யார்?

“தங்கச்சி, உங்கட தூள் விளம்பரத்திலை கதைக்கிற பிள்ளை ஆர்? உங்கட மகளோ?”

கனடாவிலிருந்து ஓர் அக்கா வட்ஸ்அப்பில் கேட்ட கேள்வி இது. கொழும்பிலுள்ள தன் உறவினர் மூலம் மூன்று வருடங்களாக என்னிடம் கறித்தூள் வாங்குபவர் அவர். அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனெனில் அந்தப் பிள்ளை என் மகளும் அல்ல, எமது ஊர்ப் பெண்ணும் அல்ல. செயற்கை நுண்ணறிவின் மூலம் கணினி ஆக்கித் தந்த உருவம் அது.

சிறுதொழில் செய்யும் எம்மில் பலரிடம் இன்று, “முகநூலிலை போடு, ரிக்ரொக்கிலை போடு, அப்பத்தான் சாமான் விலைப்படும்” என்று சொல்கிறார்கள். கூடவே இந்தக் கணினி உருவங்களையும் காட்டுகிறார்கள். ஆகவே எனக்கு நேர்ந்ததை எழுதினால் மற்றச் சகோதரிகளுக்கும் உதவும் என நினைக்கிறேன்.

முகம் காட்டத் தயங்கியது ஏன்?

நான் பரந்தனைச் சேர்ந்தவள். 2009இல் கணவரை இழந்தேன். அதே ஆண்டு இடம்பெயர்ந்து போகையில் செல் துண்டு ஒன்று எனது இடது கன்னத்தைக் கிழித்தது. செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் இரண்டு பிள்ளைகளுடன் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டே செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து விற்கத் தொடங்கினேன். முதலில் அயல் வீடுகளுக்கு, பிறகு சந்தைக்கு, பிறகு கடைகளுக்கு என்று தொழில் மெல்ல வளர்ந்தது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் போது மிளகாயின் விலை ஏறியது. கடைக்காரரோ பழைய விலைக்கே கேட்டார்கள். காசையும் ஆறு கிழமை கழித்தே தந்தார்கள். வாங்குபவர்களிடம் நேரே விற்றால்தான் தப்பலாம் என்ற நிலை வந்தது. அப்போதுதான் மகளின் போனில் நானே கதைத்து ஒரு காணொளி எடுத்து முகநூலில் போட்டோம்.

சிலர் தூளின் விலையைக் கேட்டார்கள். பலர் என் கன்னத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத ஆண்கள் அழைப்பு எடுத்தார்கள். கணவர் வழி உறவினர் ஒருவர், “புருசன் இல்லாதவள் ஊருக்கெல்லாம் முகம் காட்டிக்கொண்டு நிக்கிறாள்” என்று என் மாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அந்தக் காணொளியை எடுத்துவிட்டேன். தூள் விற்க முகம் வேண்டும், ஆனால் என் முகம் வேண்டாம் என்று ஊர் சொல்வது போல் இருந்தது.

அவதார் என்றால் என்ன?

இந்தக் கணினி உருவத்தை ‘அவதார்’ என்கிறார்கள். நாம் அறிந்த ‘அவதாரம்’ என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய், கணினி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. செய்யும் முறை இலகுவானது. சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்து, வரிசையாக இருக்கும் முகங்களில் ஒன்றையும், ஒரு குரலையும் தெரிவு செய்ய வேண்டும். சில நிமிடங்களில் அந்த முகம் கண் சிமிட்டி, வாயசைத்து, நாம் எழுதியதைக் கதைக்கும். கமராவும் தேவையில்லை, கதைக்க ஆளும் தேவையில்லை.

ஆனால் இம்முகங்களில் பல உண்மை மனிதருடையவை. 2017இல் லண்டனில் தொடங்கப்பட்ட சிந்தீசியா போன்ற நிறுவனங்கள் நடிகர்களுக்குப் பணம் கொடுத்துப் படம்பிடித்து, அவர்களின் முகத்தையும் அசைவையும் கணினிக்குப் பழக்குகின்றன. அதன் பின் கட்டணம் செலுத்தும் எவரும் அம்முகத்தைக் கதைக்க வைக்கலாம். 2023இல் அந்நிறுவனத்தின் உருவங்கள் சில, வெனிசுவேலா அரசுக்குச் சார்பான பொய்ச் செய்திகளை வாசிக்கும் அறிவிப்பாளர்களாகக் காட்டப்பட்டமை வெளியே தெரியவந்தது. இப்படி முகம் கொடுத்தவர்கள் சிலர், தாம் அறியாமலே தம் முகம் அரசியலுக்குப் பயன்பட்டதாகப் பின்னர் கூறினார்கள். விளம்பரம் செய்பவர்களுக்கென ரிக்ரொக் நிறுவனமும் 2024இல் இத்தகைய உருவங்களை அறிமுகப்படுத்தியது.

என் தூளை விற்ற பெண்

நகரத்தில் விளம்பரம் செய்து கொடுக்கும் ஓர் இடத்துக்கு மகளோடு போனேன். “அன்ரி, நீங்கள் முகம் காட்டத் தேவையில்லை. எல்லாம் நாங்கள் பாக்கிறம்” என்றார் அங்கிருந்த தம்பி. சங்கத்தில் எடுத்த சுழற்சிமுறைக் கடனில் 12,000 ரூபாவை அதற்குக் கொடுத்தேன்.

வந்த காணொளியில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. “என் கைப்பட வறுத்து அரைத்த மசாலாப் பொடி” என்று இந்தியத் தமிழில் சொன்னாள். எங்கள் வீடுகளில் தூளைப் பொடி என்று சொல்பவர் யார்? இலங்கைத் தமிழுக்கெனச் ‘சரண்யா’, ‘குமார்’ என்ற இரு கணினிக் குரல்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் வைத்திருப்பதை மகள் பிறகுதான் கண்டுபிடித்தாள். அன்று எமக்கு அது தெரியாது. காசு கொடுத்தாயிற்று, போடுவோம் என்று போட்டோம்.

முதல் வாரம் 30 பேர் தூள் கேட்டார்கள். நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. அதன் பின்தான் அந்தக் கனடா அக்காவின் கேள்வி வந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “முகம் பொய்யெண்டால் தூள் மெய்யெண்டு புது ஆக்களுக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கிழமை கழித்து மகள் ஓடி வந்து போனை நீட்டினாள். என் தூளைத் தன் கையால் வறுத்ததாகச் சொன்ன அதே பெண், வேறொரு பக்கத்தில் முகத்தை வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தாள். அதையும் தானே பூசிப் பார்த்ததாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பொருளைப் பற்றி மக்களைத் தவறாக எண்ண வைப்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. சட்டத்தை விடுவோம். தாச்சிக்கு முன்னால் நின்று வெந்தவள் நான். அந்த வேலையை நானே இன்னொருத்திக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் என்னை வருத்தியது.

தழும்பில்லாத முகம்

“அப்ப உங்கட முகத்திலையே செய்வம், அம்மா. அது பொய்யில்லைத்தானே” என்றாள் மகள். என் படம் ஒன்றைக் கொடுத்துச் செய்தும் காட்டினாள்.

அது நான்தான். என் நெற்றி, என் மூக்கு. ஆனால் இடது கன்னம் வழுவழுப்பாக இருந்தது. தழும்பு இல்லை. நாம் அழிக்கச் சொல்லவில்லை, கணினியே அதனைப் பிழை என்று எண்ணித் திருத்தியிருந்தது.

எனக்குக் காயம் பட்டபோது மகளுக்கு நான்கு வயது. தழும்பில்லாத என்னை அவளுக்கு நினைவில்லை. நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, நீங்கள் முந்தி இப்பிடியோ இருந்தனீங்கள்?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்கு மேல் இருவரும் கதைக்கவில்லை.

அன்றிரவு யோசித்தேன். தழும்பைக் காட்டத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காட்ட விரும்பாத சகோதரிகள் பலர் இருக்கிறார்கள், அது அவர்களின் உரிமை. நானும் எத்தனையோ இடங்களில் சேலைத் தலைப்பால் மறைத்திருக்கிறேன். ஆனால் மறைப்பதும் காட்டுவதும் நான் எடுக்க வேண்டிய முடிவு. முகம் காட்டாதே என்று ஊர் சொன்னபோதும் என்னைக் கேட்கவில்லை. முகத்தைத் திருத்தியபோது கணினியும் கேட்கவில்லை. அந்தக் காணொளியை நாம் எங்கும் போடவில்லை.

இப்போது நான் செய்வது

இப்போது என் கைகளைக் காட்டுகிறேன். காலை வெளிச்சத்தில் கதவடியில் பால்மா ரின்னில் போனைச் சாய்த்து வைத்து மகள் எடுப்பாள். சுளகில் மல்லி புடைப்பது, தாச்சியில் மிளகாய் வறுபடுவது, அரிதட்டில் தூள் விழுவது, தராசில் நிறுப்பது, உறையில் திகதி ஒட்டுவது என எல்லாம் 40 விநாடிக்குள் அடங்கும். குரல் என்னுடையது, எங்கள் ஊர்த் தமிழ். முகம் இல்லை என்று இதுவரை எவரும் குறை சொல்லவில்லை.

அவதாரை நான் முற்றாகக் கைவிடவும் இல்லை. எனக்குச் சிங்களம் கதைக்க வராது. தென்பகுதியில் வாங்குபவர்களுக்கு விலை, நிறை, அனுப்பும் முறை ஆகியவற்றை மட்டும் சொல்ல ஓர் உருவத்தைப் பயன்படுத்துகிறேன். அதன் தலைப்பில் ‘இது கணினி உருவாக்கிய உருவம்’ என்று சிங்களத்தில் எழுதியிருக்கிறோம். அது ‘நான் செய்தேன்’ என்று சொல்லாது, ‘பரந்தனில் ஒரு பெண் செய்கிறார்’ என்றே சொல்லும். போடுமுன் சிங்களம் நன்கு தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் காட்டினோம். அவர் இரண்டு இடங்களில் திருத்தித் தந்தார். கணினி சொல்வதெல்லாம் சரியென்று விட்டிருந்தால் பிழையோடு போயிருக்கும்.

முதல் வாரத்தைப் போல் ஒரேயடியாக 30 பேர் இப்போது வருவதில்லை. ஆனால் வாங்கியவர்கள் திரும்பவும் வாங்குகிறார்கள்.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை

1. அவதார் செய்வதற்காகக் கடன் எடுக்க வேண்டாம். பல செயலிகளில் இலவசமாகச் சிறிதளவு செய்து பார்க்கலாம். முழுமையாகப் பயன்படுத்த மாதாமாதம் டொலரில், வங்கி அட்டை மூலம் கட்ட வேண்டிவரும். வேறொருவர் செய்து தருவதாயின், எந்த முகம், எந்தக் குரல், எந்த வசனம் என்பதைக் காசு கொடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. செய்யாததைச் செய்ததாகவும், உண்ணாததை உண்டதாகவும் உருவத்தைக் கொண்டு சொல்விக்காதீர்கள். விலை, இடம், தொடர்பு முறை ஆகியவற்றைச் சொல்ல அது போதும்.

3. கணினி உருவம் என்பதைக் குறிப்பிடுங்கள். மெய்போலத் தோன்றும் இத்தகைய காணொளிகளுக்கு அடையாளம் இடவேண்டும் என ரிக்ரொக்கும், 2024 மார்ச் முதல் யூரியூப்பும் கேட்கின்றன. முகநூலிலும் 2024 முதல் இத்தகைய அடையாளம் இடப்படுகிறது.

4. உங்கள் படத்தையோ, பிள்ளைகளின் படத்தையோ, அடையாள அட்டையையோ தெரியாத செயலிகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரேயொரு படத்தை வைத்தே ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்ட இன்று முடியும்.

5. தொழிலுக்கென வேறு தொலைபேசி இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அதனை நிறுத்திவிடலாம். எனது இரவு அழைப்புகள் அத்தோடு நின்றன.

6. உங்கள் முகத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். திரையைப் படமெடுத்து, இணைப்பையும் திகதியையும் குறித்து வையுங்கள். அந்தத் தளத்துக்கு முறையிடுவதோடு, பொலிசாரிடமும் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவிடமும் முறையிடலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

கைகளைக் காட்டும் காணொளியைக் கனடா அக்காவுக்கும் அனுப்பினேன். “உந்தத் தாச்சியைக் கண்டதும் அம்மான்ர அடுப்படி ஞாபகம் வந்திட்டுது” என்று குரல் பதிவு அனுப்பினார். வழமையாக ஒரு கிலோ வாங்குபவர், இம்முறை இரண்டு கிலோ கேட்டார்.

எமது சங்கத்தில் இப்போது மாதத்தில் ஒரு பின்னேரம் இதற்கெனக் கூடுகிறோம். ஒடியல் மா விற்பவர், பாய் பின்னுபவர், தையல் செய்பவர் என்று 11 பேர் வருகிறோம். முகம் காட்ட விரும்புபவர் காட்டுகிறார், விரும்பாதவர் கையைக் காட்டுகிறார். ஏன் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. ஒருத்தி வேலை செய்ய, மற்றவள் போனைப் பிடிக்கிறாள். உங்கள் ஊரிலும் இப்படிக் கூட முடியும். தொடங்க ஒரு போன் போதும்.