ஒரு நிமிஷத்தில் தோன்றும் வெண்மை

தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, மணலூர்பேட்டைத் தென்பெண்ணை மணற்பரப்பெங்கும் ஜனத்திரள் கூடும். குடும்பத்தாரின் க்ஷேமத்துக்காக, குழந்தையை இடுப்பில் சுமந்து, மாமியாரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு அவ்வாற்றுக்கு வரச் சலிக்காத பெண்களில், தம் தேகத்தின் பொருட்டு, நோய் ஏதுமில்லாத ஒரு நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறியவர் எத்தனை பேர் என்று கேட்டால் கிடைக்கும் விடை வருத்தம் தருவது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. தேசத்தின் சராசரியோ நூற்றுக்கு இரண்டையும் எட்டாததால், நாம் முன்னே நிற்கிறோம் என்று பெருமை கொள்ள இதில் ஒன்றுமில்லை.

வலிக்காத வருஷங்கள்

இவ்வியாதிக்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ். தாம்பத்திய உறவின் வழியே பெரும்பாலோருக்கு எப்போதேனும் தொற்றுவது அது. ஆகையால் நோயுற்றவளின் ஒழுக்கத்தின்மேல் பழி சுமத்துவது அறியாமையே அன்றி வேறில்லை. பெரும்பாலான பெண்களின் உடல் அதனை ஓரிரு வருஷங்களில் தானே வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது விடாப்பிடியாய்த் தங்கி, கருப்பைவாயின் மேல்தோலிலுள்ள உயிரணுக்களைச் சிறிது சிறிதாக விகாரப்படுத்துகிறது. இந்த முன்நிலை புற்றாக முற்றுவதற்குச் சாதாரணமாகப் பதினைந்து இருபது வருஷங்கள் செல்லக்கூடும். அக்காலம் முழுவதும் வலியில்லை, உதிரப்போக்கில்லை. பின்னர் துர்நாற்றத்துடன் வெள்ளைபடும்போதும் அதனை 'உடம்புச் சூடு' என்று சொல்லி இளநீரும் மோரும் குடித்துக் காலம் கடத்துவது நம் பெண்களின் வழக்கம். உறவுக்குப் பின்னரோ, மாதவிலக்கு முற்றும் நின்ற பின்னரோ இரத்தம் கண்டு அஞ்சி ஓடிவரும் நாளில், நோய் பல வேளைகளில் வெகுதூரம் சென்றிருக்கிறது. 2022இல் மாத்திரம் இந்தியாவில் ஏறத்தாழ எண்பதாயிரம் பெண்கள் இதனால் மாண்டனர் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு.

அம்பிளிக்கையில் கண்டது

மேனாடுகளில் கருப்பைவாயின் உயிரணுக்களைச் சுரண்டி நுண்ணோக்கியில் காணும் பாப் பரிசோதனை இந்நோயைப் பெரிதும் அடக்கியது. ஆனால் ஆய்வுக்கூடமும் நிபுணரும் இல்லாத கிராமங்களுக்கு அது எட்டாக்கனி. இதற்கொரு மாற்றைக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டமே. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையின் கிறிஸ்தவ மருத்துவ நிலையமும், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சிலுள்ள மேற்சொன்ன சர்வதேச நிறுவனமும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு முதல் நான்கு வருஷங்களில் முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தன. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். நீர் கலந்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் சாரத்தை, பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் ஒற்றி ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால், விகாரப்பட்ட இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்ததெல்லாம் புற்றல்ல, புண்ணும் அழற்சியும்கூட வெளுக்கும் என்பதால், அத்தகையோரை உருப்பெருக்கியால் மறுபடி நோக்கி, தேவையானால் அன்றே குளிரூட்டி உறையச்செய்து அப்பகுதியை அழித்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. முப்பதுகளிலிருந்த பெண்களிடையே அதனினும் அதிகம். ஒப்பிடுவதற்காக வேறு ஊர்ப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது அறமாகுமா என்று பின்னர் எழுந்த வினா நியாயமானதே. ஆயினும் அவ்வினாவுக்கு நாம் தரவேண்டிய விடை, தெரிந்துகொண்டதை இன்று எல்லோருக்கும் செய்வதன்றோ?

இரண்டாம் முறை வருவது

தமிழக அரசு இப்பரிசோதனையை முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கிப் பின் எங்கும் விஸ்தரித்தது. ஆயினும் வெளுப்புத் தெரிந்தவள் மேற்பரிசோதனைக்கு வேறோரிடம் செல்லவேண்டி வரும்போதுதான் காரியம் கெடுகிறது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவர ஒரு நாட்கூலி போகும். குழந்தையை யாரிடம் விடுவது, கணவனிடம் என்ன சொல்வது என்னும் கவலைகள் வேறு. எனவே, கண்ட அன்றே சிகிச்சையும் முடித்து அனுப்பும் அம்பிளிக்கை முறையே மலைவாழ் பெண்களுக்கு உகந்தது என்பது என் துணிபு. இக்காலத்தில் கையடக்கமான சூட்டுக்கருவி விகாரப்பட்ட பகுதியை அழிக்கும் வேலையை ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிடும்.

பெண்மக்களுக்குப் பதின்பருவத்திலேயே இட்டுக்கொள்ளத் தடுப்பூசியும் இன்று உண்டு. அதுவும் அவசியமே, எனினும் தாய்மாரின் பரிசோதனைக்கு அது ஈடாகாது. மாதவிலக்கு முற்றும் நின்றபின் விகாரம் தோன்றும் பகுதி உள்ளே ஒடுங்கிவிடுவதால், காடியின் சாரத்தை ஒற்றிப் பார்க்கும் முறையில் அதனைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. ஆகவே முப்பது வயது கடந்த சகோதரிகளே, விலக்கு இல்லாத ஒரு நாள் பார்த்து, அண்ணியையோ நாத்தனாரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, கருப்பைவாய்ப் பரிசோதனை வேண்டுமென்று நர்ஸம்மாவிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.