மஞ்சள் கம்பியில் ஒரு ஃப்யூஸ்

என்னிடம் 1998-இல் வாங்கிய மாருதி 800 கார் ஒன்று இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுகளாக மூன்று முறை பதிவைப் புதுப்பித்தாகிவிட்டது. "இதை இன்னும் ஏன் சார் வைத்திருக்கிறீர்கள்?" என்று நாகபுரியில் கேட்காத நண்பர் இல்லை. என் மகன் பள்ளிக்கூடம் போன வண்டி அது. அதிலிருந்த கேசட் ரிக்கார்டரில் பாட்டுக் கேட்டுத்தான் அவன் தமிழ் பழகினான். வீட்டுக்கு வெளியே அவனுக்குத் தமிழ் கேட்ட இடம் அந்தக் கார் ஒன்றுதான்.

அவன் இப்போது புனேயில் இருக்கிறான். மருமகள் மராட்டியப் பெண், நல்ல குணவதி. பேரனுக்கு ஏழு வயது. சென்ற கோடை விடுமுறைக்கு அவன் வருவதாகத் தெரிந்ததும், என்றோ ஊமையாகிவிட்ட அந்தக் கேசட் ரிக்கார்டரை எடுத்துவிட்டு, பென் டிரைவும் புளூடூத்தும் உள்ள புது செட் பொருத்துவதென்று முடிவு செய்தேன். அப்பனுக்கு ஆனது பிள்ளைக்கும் ஆகட்டுமே என்ற ஆசைதான்.

கடைத்தெருவில் ஒரு கடையில் வண்டியை விட்டேன். இருபது நிமிடத்தில் பையன் வேலையை முடித்தான். நான் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாட்டுக் கேட்டது, பணம் கொடுத்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ராம்டெக் கோயிலுக்குப் புறப்பட்டோம். கன்ஹான் தாண்டியதும் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம், பின்னாலேயே புகை. வண்டியை ஓரங்கட்டி, முதலில் பேரனையும் மனைவியையும் இறக்கித் தள்ளி நிற்கச் சொன்னேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். புகை நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து, 10 எம்.எம். ஸ்பேனரால் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே அடங்கியது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தவறு எங்கே?

பாட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு மஞ்சள் வயர் நேராகச் செட்டுக்குப் போயிருந்தது. இஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரு துளை. அதற்கு ரப்பர் வளையம் போடவில்லை. மூன்று நாள் அதிர்வில் தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிட்டது. செம்பு பாடியைத் தொட்டது.

"செட்டின் பின்னால்தான் 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது வயரின் கடைசியில் இருக்கிறது. பாட்டரிக்கும் அதற்கும் நடுவே ஷார்ட் ஆனால், அந்த மின்னோட்டம் ஃப்யூஸ் வழியாகப் போவதே இல்லை. சிறிய கார் பாட்டரிகூட ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். மெல்லிய வயர் அடுப்புக் கம்பியாகிவிடும்.

ரயில் பெட்டிகளின் மின்விளக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவன் நான். அங்கே 110 வோல்ட் டி.சி. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் பெட்டியின் உடலைத் தொடக்கூடாது. எர்த் லீக்கேஜ் உண்டா என்று சோதிப்பது அன்றாட வேலை. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்த உதவியாளர்களை நான் கண்டித்ததுண்டு. அப்படிப்பட்டவன் என் பேரன் உட்காரும் வண்டியில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. கடைப் பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரில் நிலைமை வேறு. பாட்டரியின் நெகட்டிவ் பாடியோடு இணைந்திருக்கும். வண்டியின் தகடு முழுவதுமே திரும்பும் கம்பி. ஆகையால் உறை உரிந்த பாசிட்டிவ் வயர் எங்கே தொட்டாலும் ஷார்ட்தான்.

எந்த நிறம் எதற்கு?

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் பிரித்து நானே மறுபடி வயரிங் செய்தேன். டார்ச் பிடித்தவன் பேரன். நாம் கடைகளில் தனியாக வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் பெரும்பாலும் ஒரே நிற ஒழுங்குதான்.

மஞ்சள்: எப்போதும் 12 வோல்ட். நினைவிலுள்ள ஸ்டேஷன்களையும் கடிகாரத்தையும் காப்பது இது.

சிவப்பு: சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். ஃப்யூஸ் பெட்டியில் சாவிக்குக் கட்டுப்பட்ட இணைப்பை டெஸ்ட் லாம்ப் வைத்துத் தேடிக்கொள்ள வேண்டும்.

கறுப்பு: எர்த். நீலம்: மோட்டார் ஆண்டெனாவுக்கு, அது இல்லாவிட்டால் நுனியை உறையிட்டு மூடிவிடலாம்.

முன் இடது ஸ்பீக்கர் வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது அந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ்.

சிலர் சோம்பலில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி விடுவார்கள். இரண்டையும் சாவி இணைப்பில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நினைவு அழியும். இரண்டையும் பாட்டரியில் கொடுத்தால், நாம் செட்டை அணைத்தாலும் அது அரைத்தூக்கத்தில் விழித்தே இருக்கும். 200 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 35 ஆம்பியர்-அவர் பாட்டரி 175 மணி நேரத்தில், அதாவது ஏழே நாளில் காலி. நினைவுக்கு மட்டும் 10 மில்லி ஆம்பியர் என்றால் கணக்குப்படி 145 நாள் தாங்கும். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து வண்டி கிளம்பாமல் திண்டாடியவர்கள் இதைச் சோதிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

முதலில் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்; வேலை முடிந்ததும் அதைக் கடைசியில் மாட்டுங்கள். நெகட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பாசிட்டிவை முதலில் தொட்டால் அதே ஸ்பேனர் பொறி பறக்க வைக்கும்.

பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் போடுங்கள். நான் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும் 15 ஆம்பியர் ஃப்யூஸும் போட்டேன். ஃப்யூஸ் காப்பது செட்டை அல்ல, வயரை. தகட்டுத் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

வயர்களை முறுக்கி டேப் சுற்றுவது போதாது. நாகபுரி மே மாத வெயிலில், மூடிய காருக்குள் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

ஸ்பீக்கர் நெகட்டிவைப் பாடியில் கொடுக்காதீர்கள். சில பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கருக்கு ஒரே வயர்தான், மற்றொன்று பாடி. இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே பாட்டரியின் பாதி அளவு வோல்டேஜ் நிற்கிறது. ஒன்று பாடியில் பட்டாலும் உள்ளே ஐ.சி. போய்விடும். எனவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் இழுக்க வேண்டும்.

ஸ்பீக்கரில் எது பாசிட்டிவ் என்று குறி அழிந்திருந்தால், ஒரு 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். காகிதக் கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பாசிட்டிவ் பட்ட முனையே ஸ்பீக்கரின் பாசிட்டிவ். இரண்டு ஸ்பீக்கர்கள் எதிரெதிராக இணைந்தால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகும்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் செட்டில் வீல் என்ற ஓசை ஏறினால், முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் போல்ட் வைத்து முடுக்குங்கள். என் வண்டியில் அதோடு ஓசை நின்றது.

டார்ச் பிடித்தவன்

"பிவ்ளா" என்றான் பேரன், முதல் வயரை எடுத்ததும். "மஞ்சள்" என்றேன். "மஞ்சள்" என்று திருப்பிச் சொல்லி என் கையில் கொடுத்தான். ஊதா வயர் வந்தபோது "ஜாம்பளா" என்றான். மராட்டியில் நாவல் பழத்துக்கு ஜாம்பூள் என்று பெயர்; அதன் நிறம் ஜாம்பளா. "தமிழில் இது ஊதா, அந்தப் பழம் நாவல்" என்று சொன்னேன். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எட்டு நிறங்களையும் தமிழில் கேட்டு எடுத்துக் கொடுத்தான். பாட்டு ஒலிப்பதற்கு முன்பே கார் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

ஃப்யூஸை மாட்டும்போது, "தாத்தா, இது எதுக்கு?" என்றான். "தப்பு நடந்தா முதல்ல இது செத்துடும், நாம தப்பிச்சுக்கலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்கு ஏன் இது இல்லை?" என்று கேட்டான். "தாத்தா பார்க்கலை" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய காரிலும் பிற்பாடு பொருத்திய செட் இருக்குமானால், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். பாட்டரி பாசிட்டிவிலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் போகிறதா? அதில் ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா? இல்லாவிட்டால் அன்றைக்கே போடுங்கள். எனக்கு ஃப்யூஸுக்கும் அதன் கூட்டுக்கும் ஆன செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக்கூடக் காணாது.

நாங்கள் மறுபடி ராம்டெக் போய் வந்தோம். பாட்டுக் கேட்டுக்கொண்டேதான்.